பூஸ்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்: திருகோணமலைக் கடைக்காரருக்கு ஒன்லைன் வியாபார வழி

சித்திரை வருஷத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போதுதான் முதன்முதலாக பேஸ்புக்கில் காசு கட்டி ஒரு பதிவை பூஸ்ட் செய்தேன். எங்களுடையது டவுனுக்குள், மத்திய வீதிக்குக் கிட்ட, அப்பா காலத்திலிருந்து நடக்கும் சின்னப் புடவைக்கடை. லைக் நன்றாகத்தான் விழுந்தது, மாத்தறையிலிருந்தும் குருநாகலிலிருந்தும்கூட விழுந்தது, சாறி கேட்டு ஒருவரும் வரவில்லை. அதே கிழமையில் கிண்ணியாவிலிருந்து ஒரு அக்கா வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். "தம்பி, போன்ல மெப் பார்த்து வந்தனான், அது என்னைக் கொண்டுபோய் கடற்கரையில விட்டுட்டுது" என்றார். யாரோ எப்போதோ எங்கள் கடைப் பெயரில் கூகுளில் குத்திவிட்டுப் போன புள்ளி, பிழையான இடத்தில் அப்படியே கிடந்திருக்கிறது. அந்த அக்கா விடாப்பிடிக்காரி, அதனால் வந்து சேர்ந்தார், மூன்று சாறியும் எடுத்தார். பாதியில் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ.

தேடி வருகிறவரைத் தெருவில் தொலைத்துவிட்டு, தேடாதவருக்குப் பின்னால் காசை எறிந்துகொண்டிருந்திருக்கிறேன். அதனால் இதில் விளம்பரம் கடைசியில்தான் வரும். முதலில் மெப், பிறகு வாட்ஸ்அப், பிறகு விலை, படம், அப்புறம்தான் மற்றதெல்லாம். இந்த வரிசையில் செய்தால் முதல் இரண்டு மாதம் ஒரு சதமும் செலவில்லை.

மெப்பில் சரியான இடத்தில் நில்லுங்கள்

உங்கள் போனில் தேடிப் பார்க்காதீர்கள், அதற்கு உங்களை ஏற்கெனவே தெரியும். வேறு யாருடைய போனையாவது வாங்கி, முதலில் கடைப் பெயரைப் போட்டும், பிறகு பெயரில்லாமல் பொருளையும் ஊரையும் மட்டும் போட்டும் தேடுங்கள். உங்கள் கடை ஏற்கெனவே மெப்பில் இருந்தால் புதிதாக ஒன்று தொடங்க வேண்டாம். வணிகத்துக்கு உரிமை கோரும்படி ஒரு வரி அதிலேயே இருக்கும், அதைத் தட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கடைக்கு இரண்டு பதிவு இருந்தால் ரிவ்யூவும் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். இந்த வசதிக்குப் பெயர் கூகுள் பிசினஸ் புரொபைல், முழுக்க இலவசம். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்றிருந்தது, பழைய யூடியூப் வீடியோக்களில் அந்தப் பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

கடை உங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்த இப்போது பெரும்பாலும் வீடியோதான் கேட்கிறார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டத்தில், 30 செக்கனுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். தெருவில் நின்று தொடங்குங்கள், பக்கத்துக் கடைப் பலகையோ வீதிப் பெயரோ தெரியட்டும், பிறகு உங்கள் பெயர்ப்பலகை, பிறகு உள்ளே ராக்கை, கடைசியாக நீங்கள்தான் கடைக்குப் பொறுப்பு என்று காட்ட ஷட்டர் பூட்டைத் திறப்பது அல்லது கல்லாவைத் திறப்பது. நான் முதல்முறை மத்தியானம் ஆட்கள் நிறைந்திருக்கும்போது எடுத்தேன், ஏற்கவில்லை. காலையில் கடை திறக்கும்போது எடுத்தது போய்ச் சேர்ந்தது. வாடிக்கையாளர்களின் முகமும் அதில் விழாது.

பெயரில் ஒரு ஆசை எல்லோருக்கும் வரும். "திருகோணமலையின் மலிவான சாறிக் கடை" என்று கடைப் பெயரோடு சேர்த்துப் போட்டால் தேடலில் மேலே வரும் என்று யாராவது சொல்லித்தருவார்கள். பலகையில் என்ன பெயர் இருக்கிறதோ அதை மட்டும் போடுங்கள், மிச்சத்தைச் சேர்த்தால் கூகுள் உங்கள் புரொபைலையே முடக்கலாம், திரும்ப எடுப்பது பெரும்பாடு. பொருள்களைச் சொல்ல விவரிப்புப் பகுதி இருக்கிறது. அங்கே ஊர்ப் பெயரை எல்லா விதமாகவும் எழுதுங்கள்: திருகோணமலை, திருமலை, ஆங்கில எழுத்தில் முழுப் பெயர், ட்ரின்கோ என்ற சுருக்கம், சிங்களத்தில் திரிகுணாமலய. எந்தச் சொல்லைத் தேடி உங்களிடம் வந்தார்கள் என்று புரொபைலின் செயல்திறன் பகுதியே காட்டும். எனக்கு அதிகம் வந்தது ஆங்கில எழுத்தில் அடித்த சொற்கள்தான். தமிழில் மட்டும் எழுதிவைத்து, தமிழ்ப்பற்றோடு சும்மா இருந்திருக்கிறேன்.

நேரத்தைச் சரியாகப் போடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு மூடுகிற கடை என்றால் அந்த இடைவெளியையும் போடலாம். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரத்தில் இரவு பத்து மணி வரை திறந்திருப்பீர்கள் என்றால் சிறப்பு நேரம் என்ற இடத்தில் அதையும் சேர்க்கலாம். "திறந்திருக்கிறது" என்று போன் சொல்லி, மூதூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர் மூடிய ஷட்டரைப் பார்த்தால், அவர் எழுதப்போகும் ரிவ்யூவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, உங்கள் விவரத்தில் திருத்தம் சொல்ல முன்பின் தெரியாத எவருக்கும் முடியும். மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.

ரிவ்யூவை வெட்கப்படாமல் கேளுங்கள். புரொபைலிலேயே அதற்கென்று ஒரு சுட்டி கிடைக்கும், அதை கியூஆராக்கி கல்லாவுக்கு முன்னால் ஒட்டிவிடலாம். ஆனால் "ரிவ்யூ போட்டால் கழிவு" என்று மட்டும் செய்யாதீர்கள், கூகுள் அதை அனுமதிப்பதில்லை. கெட்ட ரிவ்யூ வந்தால் சண்டைக்குப் போகாமல் இரண்டு வரியில் பதில் எழுதுங்கள். அதைப் படிக்கப்போவது எழுதியவர் மட்டும் இல்லை, அடுத்து வர நினைப்பவர்களும்தான்.

மே முதல் செப்டம்பர் வரை நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் நிறையப் பேர் வருவார்கள். அவர்கள் பேஸ்புக்கில் உங்கள் பக்கத்தைத் தேடப்போவதில்லை, போனில் மெப்பைத் திறந்து கிட்ட என்ன கடை இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். சீசனுக்கு முன்பே கடைக்குள்ளும் வெளியிலும் எடுத்த பத்துப் பதினைந்து படம் அதில் இருந்தால் நல்லது.

வாட்ஸ்அப்தான் உங்கள் உண்மையான கவுண்டர்

எங்கள் ஊரில் எந்தப் பக்கத்தால் தொடங்கினாலும் வியாபாரம் கடைசியில் வாட்ஸ்அப்பில்தான் முடிகிறது. அதற்கு 2018 முதல் தனியாக ஒரு வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இருக்கிறது. வீட்டு இலக்கத்தையும் கடை இலக்கத்தையும் கலக்காதீர்கள். புதிய சிம் வாங்க மனமில்லாவிட்டால் கடையின் லேண்ட்லைன் இலக்கத்திலேயே பதியலாம், உறுதிப்படுத்தும் இலக்கத்தை அழைப்பில் சொல்வார்கள். பலகையில் இருபது வருஷமாக எழுதியிருக்கும் இலக்கமே வாட்ஸ்அப் இலக்கமாகவும் ஆகிவிடும்.

உள்ளே கட்டலொக் என்று ஒன்று உண்டு, 500 பொருள் வரை படம், விலை, விவரத்தோடு அடுக்கலாம். ஐந்நூறும் போட நினைத்தால் ஒருநாளும் முடியாது. அதிகம் கேட்கும் முப்பது பொருளைப் போடுங்கள், விற்றுத் தீர்ந்ததை அன்றைக்கே மறைத்துவிடுங்கள். விரைவுப் பதில் என்ற வசதியும் இருக்கிறது, சாய்கோடு ஒன்றை அடித்துக் குறிச்சொல்லைப் போட்டால் முன்பே எழுதிவைத்த முழுப் பதிலும் வந்துவிடும். என்னிடம் இருக்கும் ஒன்று இப்படி:

"வணக்கம். இந்தச் சாறி 4,850 ரூபா, பிளவுஸ் துணி சேர்ந்தது. நீலமும் மெரூனும் இருக்கு. டவுனுக்குள் என்றால் நாளைப் பின்னேரத்துக்குள் கொண்டுவந்து தருவோம், டெலிவரி 200 ரூபா. உங்களுக்கு எடுத்துவைக்கட்டுமா?"

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். விலையை மட்டும் சொல்லி நிறுத்தினால் அவர் "சரி" என்று அனுப்பிவிட்டுப் போய்விடுவார். கேள்வியில் முடித்தால் ஆமா, இல்லை என்று ஏதாவது வரும், பலவேளைகளில் "கொஞ்சம் குறைக்க ஏலாதா" என்று வரும், வந்தாலே பாதி விற்ற மாதிரி.

தானாகப் போகும் வரவேற்புச் செய்தியை எல்லோரும் போட்டுவிடுகிறார்கள், "தொடர்புகொண்டமைக்கு நன்றி, விரைவில் பதிலளிப்போம்" என்று. பிறகு ஆறு மணித்தியாலம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதைவிட, "காலை 9 முதல் இரவு 8 வரை பதில் தருவோம், இப்போது வேண்டியதை எழுதி வையுங்கள், நாளை காலை முதல் வேலையாகப் பார்க்கிறோம்" என்பது நேர்மையானது. கேட்டவருக்கு அரை மணிக்குள் பதில் போக வேண்டும். கடையில் கூட்டம் என்றால் தங்கச்சியையோ மகனையோ போனோடு இருத்துங்கள், வாட்ஸ்அப்பை இன்னொரு கருவியிலும் இணைத்துக்கொள்ளலாம். பதில் வராத கடையை விட்டுவிட்டு ஆள் அடுத்த கடைக்கு எழுத அரை நிமிஷம்கூட ஆகாது, நானே பொருள் வாங்கும்போது அப்படித்தான் செய்கிறேன்.

புதுச் சரக்கு வந்தால் எல்லோருக்கும் அறிவிக்க குரூப் தொடங்காதீர்கள். குரூப்பில் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசி பெண்கள். ஒரு குரூப்பால் ஒரு பிள்ளைக்குத் தெரியாத இலக்கத்திலிருந்து தொல்லை வந்து, அவருடைய அண்ணா கடைக்கு வந்து கேட்டபோது எனக்குச் சொல்ல வார்த்தை இல்லை. அதற்குப் பதில் புரோட்காஸ்ட் பட்டியல் இருக்கிறது, ஒரு பட்டியலில் 256 பேர் வரை, ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும். ஒரு நிபந்தனை, உங்கள் இலக்கத்தை அவர் தன் போனில் சேமித்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் போகாது. அதனால் பில்லோடு ஒரு சின்னத் துண்டு கொடுக்கிறோம்: "இந்த இலக்கத்தைச் சேமித்துவிட்டு 'சாறி' என்று அனுப்புங்கள், புதிதாக வந்தால் படம் அனுப்புவோம்." தாங்களாகக் கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புவதால் யாரும் புளொக் செய்வதில்லை. கிழமைக்கு ஒன்றுக்கு மேல் அனுப்புவதும் இல்லை.

ஒரே அமுக்கில் ஆயிரம் பேருக்கு அனுப்பும் மென்பொருள் என்று விற்க வருவார்கள். வாங்கினால் இலக்கம் முடங்கும். வாட்ஸ்அப் பதியும்போது உங்களுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், வாடிக்கையாளர் மாதிரி, தெரிந்த அண்ணா மாதிரி, பரிசு விழுந்த மாதிரி என்று பல வேஷத்தில் கேட்பார்கள். இரட்டைப் படிமுறை உறுதிப்படுத்தலை, அதாவது அந்தக் குறியீட்டோடு நீங்களே வைக்கும் இரண்டாவது இரகசிய இலக்கத்தை, இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

விலையை எழுதுங்கள்

இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து இருக்கிறது. "விலைக்கு இன்பொக்ஸ் வரவும்" என்பது எங்கள் ஊர் ஒன்லைன் வியாபாரத்தைப் பிடித்த பீடை. ஏன் எழுதுவதில்லை என்று கேட்டால், பக்கத்துக் கடைக்காரன் பார்த்துவிடுவான் என்பார்கள். பக்கத்துக் கடைக்காரனுக்கு உங்கள் விலை எப்பவோ தெரியும், அவனும் அதே கொழும்பு மொத்தக் கடையில்தான் எடுக்கிறான். தெரியாமல் இருப்பது வாங்க வந்தவருக்கு மட்டும்.

விலை கேட்க வெட்கப்படுகிறவர்கள் நிறையப் பேர். கேட்டுவிட்டு வாங்காமல் போனால் என்ன நினைப்பார்களோ என்று பேசாமல் கடந்துபோய்விடுவார்கள். கடைக்குள் விலைப்பட்டியலைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமே சொல்கிறது. கடைக்குள் ஒட்டியிருக்கிற விலையைப் போனில் மட்டும் மறைப்பதில் என்ன லாபம்? நான் விலையைப் படத்திலேயே எழுதத் தொடங்கியபின் கொமென்ட் குறைந்தது, உண்மைதான், பக்கம் பார்க்க வெறிச்சென்று இருந்தது. ஆனால் வந்த மெசேஜ் எல்லாம் "நீலம் இருக்கா", "நாளைக்கு வந்தா எடுக்கலாமா" என்று வந்தன. விலை கேட்டு வருகிறவர் பத்துப் பேரைவிட நிறம் கேட்டு வருகிறவர் இரண்டு பேர் எனக்குப் போதும்.

பேரம் பேசும் பொருள் என்றால், அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், "இரண்டு எடுத்தால் விலை பேசலாம்" என்று.

படமும் எழுத்தும்

பெரிய கமரா வேண்டாம். கிழக்குப் பார்த்த ஊர் எங்களுடையது, காலை எட்டு மணிக்கு வரும் வெளிச்சத்தைப் போல ஒரு வெளிச்சத்தைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. வாசலுக்கு உள்ளே, நேர் வெயில் படாமல், வெள்ளை பிரிஸ்டல் போர்ட்டைச் சுவரில் சாய்த்து அதில் துணியை விரித்து எடுங்கள். கடையின் டியூப் லைட்டில் எடுத்தால் மெரூன் சிவப்பாகத் தெரியும், வாங்கியவர் பார்சலைத் திறந்ததும் உங்களைத் திட்டுவார். ஃபில்டர் எதுவும் போடாதீர்கள். ஒரு பொருளுக்கு மூன்று படம் போதும்: முழுதாக ஒன்று, கரையோ தையலோ தெரியும்படி கிட்டத்தில் ஒன்று, யாராவது உடுத்தியோ கையில் பிடித்தோ அளவு தெரியும்படி ஒன்று. நுழைவாயிலில் நின்று பத்து செக்கன் வீடியோவில் சாறியை மெதுவாகப் பிரித்துக் காட்டினால் அதையே ஸ்டேட்டஸ், ரீல்ஸ், டிக்டொக் மூன்றிலும் போடலாம். வடிவமைக்க கேன்வாவும் வெட்டி ஒட்ட கப்கட்டும் இலவசமாகவே போதுமான அளவு தருகின்றன.

எழுத்தில் ஒரு பொறி இருக்கிறது. அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்துத் தந்த வரியை அப்படியே பேஸ்புக்கில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். யூனிகோட்டில்தான் அடிக்க வேண்டும், போனில் தமிழ் விசைப்பலகை போட்டால் அது யூனிகோட்தான். அடிக்கப் பஞ்சியாக இருந்தால் கூகுள் விசைப்பலகையில் மைக்கைத் தட்டிக் கதையுங்கள், மொழித் தெரிவில் தமிழ் இலங்கை என்றே ஒன்று இருக்கிறது. படத்துக்குள் எழுதியதைத் தேடலுக்குச் சரியாக வாசிக்க முடியாமல் போகலாம், அதனால் பொருளின் பெயரையும் விலையையும் படத்துக்குக் கீழும் ஒருமுறை எழுத்தாக இடுங்கள்.

கந்தளாயிலிருந்தும் சீனக்குடாப் பக்கத்திலிருந்தும் சிங்கள வாடிக்கையாளர்கள் வருகிற ஊர் இது. இரண்டு வரி சிங்களத்தில் இருந்தால் அவர்களுக்கு வாசல் திறந்த மாதிரி. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்தால் கட்டாயம் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எழுதித்தரும் தமிழைப் பற்றியும் ஒரு சொல்: "உங்கள் கனவுகளுக்கு வண்ணம் சேர்க்கும் புடவைகள்" என்று எழுதித்தரும். எங்கள் ஊரில் யார் அப்படிக் கதைக்கிறார்கள்? "பொங்கலுக்குக் கட்ட கொட்டன் சாறி வந்திருக்கு, 3,200 ரூபாவிலிருந்து" என்று நீங்கள் எழுதினால் போதும்.

பேஸ்புக், டிக்டொக், மற்றவை

பேஸ்புக்கில் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்யாதீர்கள், அதில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேராது, விளம்பரமும் ஒழுங்காகச் செய்ய முடியாது. பக்கம் ஒன்று தொடங்குங்கள். அதை நீங்களே தொடங்குங்கள் என்பதுதான் முக்கியம். எங்கள் முதல் பக்கத்தைத் தெரிந்த தம்பி ஒருவர் தன் கணக்கில் திறந்து தந்தார், பிறகு அவர் வெளிநாடு போனார், பக்கமும் அவரோடு போயிற்று. உதவிக்கு ஆள் வைத்தால் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், பக்க அமைப்பில் அவருக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுங்கள். வீட்டில் இன்னொருவரும் முழு உரிமையோடு அதில் இருக்கட்டும். "உங்கள் பக்கம் நீக்கப்படப்போகிறது, இந்தச் சுட்டியைத் தட்டவும்" என்று பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் பெயரில் வரும் மெசேஜ் எல்லாம் திருடர்கள்.

மெட்டா பிசினஸ் சூட் என்ற இலவசக் கருவியில் பேஸ்புக், இன்ஸ்டகிராம் இரண்டின் மெசேஜும் ஒரே இடத்தில் வரும், பதிவுகளை நேரம் குறித்தும் வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் இருந்து அந்தக் கிழமைக்கு நாலு பதிவைப் போட்டு வைப்பது என் வழக்கம். பண்டிகை என்றால் மூன்று கிழமைக்கு முன்பே தொடங்குவேன்: தைப்பொங்கல், நோன்புப் பெருநாள், சித்திரை, வெசாக், தீபாவளி, நத்தார், நடுவில் பாடசாலை தொடங்கும் காலம். எங்கள் ஊரில் எல்லோருடைய பண்டிகையும் எங்களுக்குச் சீசன்தான்.

டிக்டொக்கில் இளம் பிள்ளைகள் இருக்கிறார்கள், பார்வை சட்டென்று ஏறும், ஆனால் பார்ப்பவர் இலங்கையின் எந்த மூலையில் என்று சொல்ல முடியாது. கூரியரில் அனுப்பத் தயார் என்றால் மட்டும் அதில் நேரத்தைப் போடுங்கள். தராஸ் மாதிரி ஒன்லைன் சந்தைகளில் தரகு எடுப்பார்கள், அதே பொருளை விற்கும் கொழும்புக் கடையோடு விலையில் மோத வேண்டும், எனக்குச் சரிவரவில்லை. இக்மன் தளம் தளபாடம், போன், பழைய சாமான் விற்பவருக்கு நல்லது. சொந்த இணையத்தளம் பிறகு பார்க்கலாம். .இலங்கை என்று தமிழிலேயே முகவரி முடியும்படி பதியலாம் என்பது பெருமையான விஷயம்தான், ஆனால் மாதம் பத்து ஓடர் வராத கடைக்கு அது தேவையில்லை.

வெளியில் இருக்கும் எங்கள் ஆட்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், திருகோணமலைக் கடைக்கு இருக்கும் பெரிய வாய்ப்பு இதுதான் என்பது என் எண்ணம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கும் பிள்ளைகள் உவர்மலையிலும் பாலையூற்றிலும் இருக்கும் அம்மாவுக்குப் பிறந்தநாளுக்குச் சாறி எடுக்க ஆசைப்படுகிறார்கள். அங்கிருந்து பார்சல் அனுப்பும் செலவில் இங்கே இரண்டு சாறி எடுக்கலாம். அவர்களுக்குத் தேவை விலை குறைந்த கடை இல்லை, சொன்னதைச் சொன்ன நாளில் கொண்டுபோய்க் கொடுக்கும் கடை. நாங்கள் செய்வது இவ்வளவுதான்: வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்புவோம், தெரிந்தெடுத்ததை மடித்துப் பொதி செய்யும்போது ஒரு படம், அம்மா கையில் வாங்கும்போது அவர் சம்மதித்தால் ஒரு படம். அந்தக் கடைசிப் படத்தை நாங்கள் பொதுவில் போடுவதில்லை, அனுப்பச் சொன்னவருக்கு மட்டும்தான். அவர் அதைத் தன் குடும்ப குரூப்பில் போடுவார், அங்கிருந்து அடுத்த ஓடர் வரும்.

நேரத்தைக் கணக்குப் பாருங்கள். கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். அங்கே வேலை முடிந்து சாப்பிட்டு இரவு ஒன்பது மணிக்குப் போனை எடுக்கும்போது இங்கே காலை ஆறரை. அதனால் ஸ்டேட்டஸை அந்த நேரத்தில் போடுகிறேன், கேள்விக்கும் உடனே பதில் சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போவது. குளிர்காலத்தில் இடைவெளி பத்தரை ஆகிவிடும், அப்போது ஏழரை. ஸ்டேட்டஸ் 24 மணித்தியாலம் இருக்கும் என்றாலும், கிட்டத்தில் போட்டதுதான் மேலே நிற்கும்.

காசும் பார்சலும்

வங்கிக்கு மாற்றிவிட்டதாகச் சொல்லி அனுப்பும் ரசீதுப் படத்தை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள். படத்தைத் திருத்துவது ஐந்து நிமிஷ வேலை. உங்கள் வங்கிச் செயலியில் காசு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பொதியைக் கட்ட வேண்டும். கடையில் லங்கா கியூஆர் ஒன்றை வைத்தால் அதில் இணைந்த எந்த வங்கிச் செயலியாலும் கட்டலாம். வெளியூருக்குப் பொருளைக் கொடுத்துக் காசு வாங்கும் முறையில் அனுப்பினால் திரும்பி வருவதும் உண்டு, ஆள் போனை எடுக்க மாட்டார், நட்டம் உங்களுக்கு. புதியவர் என்றால் கூரியர் காசையாவது முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றிக் கொடுக்கும் விதியை நாலு வரியில் எழுதி கட்டலொக்கிலேயே வையுங்கள். வாடிக்கையாளர் இலக்கங்களை வேறு வியாபாரிக்குக் கொடுக்கவே வேண்டாம், அவர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று சட்டமே வந்திருக்கிறது.

இப்போது விளம்பரம்

மேலே சொன்னதெல்லாம் ஓடத் தொடங்கி, பதில் சொல்ல ஆளும் இருந்தால், காசு கட்டலாம். பதிவின் கீழ் இருக்கும் நீல பூஸ்ட் பட்டனை விட்டுவிட்டு விளம்பர மேலாளர் என்ற பகுதிக்குக் கணினியில் போங்கள். நோக்கம் எதுவென்று கேட்கும். லைக் கேட்டால் லைக் போடும் பழக்கமுள்ளவர்களுக்குத்தான் காட்டும், என் முதல் விளம்பரத்துக்கு நடந்தது அதுதான். மெசேஜ் வேண்டும் என்று தெரிவுசெய்து, அது நேரே உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும்படி இணையுங்கள்.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது முழு இலங்கை என்று விட்டுவிடாதீர்கள், ஊரைச் சுற்றி வட்டம் போடுங்கள். ஆனால் எங்கள் ஊரில் வட்டம் ஒரு விசித்திரம், அதில் பாதி கடல். கொட்டியாரக் குடாவைப் பற்றி அந்த வட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. மூதூர் நேர்கோட்டில் பதினைந்து கிலோமீற்றருக்குள் இருப்பதால் கிட்டத்து ஊராகவே கணக்கெடுக்கும், தரையால் வருகிறவரோ கிண்ணியாவைச் சுற்றிக்கொண்டு அதைப்போல இரண்டு மடங்கு ஓட வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் வரவு இலகுவாகியிருக்கிறது, என்றாலும் ஒரு சாறிக்காக வருவார்களா? அதனால் இரண்டு விளம்பரமாகப் பிரித்தேன். டவுன், உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக்கு "கடைக்கு வாங்க" என்று ஒன்று. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துக்கு "வீட்டுக்குக் கொண்டுவந்து தருவோம், கிழமைக்கு இரண்டு நாள்" என்று இன்னொன்று. ஒரே படம், ஒரே விலை, சொல் மட்டும் வேறு.

ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு டொலர் அளவில், ஐந்து நாள் ஓடவிட்டுப் பாருங்கள். முதல் நாளே நோண்டிக்கொண்டிருந்தால் பேஸ்புக்குக்கும் ஒன்றும் விளங்காது, உங்களுக்கும் விளங்காது. கட்டணத்துக்கு இணையக் கொடுக்கல் வாங்கல் அனுமதித்த அட்டை வேண்டும், செலவு எல்லை குறைந்த தனி அட்டையாக இருந்தால் நிம்மதி.

கடைசியாக ஒரு கொப்பி. கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, வாங்குகிறவரிடம் "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டு ஒரு கோடு போடுங்கள்: மெப், வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், ஆள் சொல்லி, பழைய வாடிக்கை. விளம்பரத்தில் "இந்தப் படத்தைக் காட்டினால் பிளவுஸ் தையலில் 100 ரூபா கழிவு" என்று போட்டால் எண்ணுவது இன்னும் லேசு. இரண்டு மாதம் முடிய எந்த வரியில் கோடு குறைவோ அதை விட்டுவிடுங்கள். நான் விட்டது இன்ஸ்டகிராம். நிலாவெளியில் கடற்கரை உடுப்பு விற்கும் நண்பர் ஒருவரும் இதே கொப்பிக் கணக்குப் பார்த்தார், அவர் விட்டது பேஸ்புக்கை.